முப்பத்தாறு நாற்காலிக் குடும்பம்

உலகத்தில் இதுவரை எவருக்கும் அநீதி செய்யாத அமைப்புகள் இரண்டு. ஒன்று இயற்கை. மற்றது, டீட்டிகோன் இளங்கதிர் விளையாட்டுக் கழகத்தின் தெரிவுக்குழு. இயற்கைகூட வெள்ளம், நிலநடுக்கம் என்று இடைக்கிடை தவறியிருக்கிறது. தெரிவுக்குழு தவறியதில்லை.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் அந்தத் தெரிவுக்குழுவின் தலைவர் நித்தியானந்தன். கழகத்தின் தலைவரும் அவரே. எனக்குத் தாய்மாமன். பகலில் ஷ்லீரனில் ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மிச்ச நேரத்தில் நீதி வழங்குகிறார்.

"எங்கடை ஃபெராய்ன்ல ஒருத்தனுக்கு இடம் எண்டால் முழு இடம். இல்லையெண்டால் இல்லை. நடுவில ஒண்டும் கிடையாது" என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் சொல்லுவார். ஃபெராய்ன் என்றால் இந்த நாட்டில் யாப்பு எழுதிப் பதிந்த கழகம். மூன்று சுவிஸ்காரர் சந்தித்தால் ஒரு ஃபெராய்ன் தொடங்குவார்கள். மூன்று தமிழர் சந்தித்தால் இரண்டு.

மாமாவின் ஒரே மகன் கஜீவன். பத்தொன்பது வயது. கட்டடங்களுக்கு வெப்பக்குழாய் பொருத்தும் தொழிலில் மூன்றாம் வருடப் பயிலுநர். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவன் கழகத்தின் உதைபந்தை விட்டுவிட்டு அமெரிக்கக் கால்பந்துக்குப் போனான். அமெரிக்கக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையால் விளையாடுவது. பந்தை உதைப்பதற்கென்றே தனியாக ஒருவரை வைத்திருப்பார்கள். அவர் ஆட்டம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்டால் ஓடிவந்து ஒருமுறை உதைத்துவிட்டு மறுபடி போய் உட்காருவார். கஜீவன் அந்த ஒருவர். நாற்பத்தேழு மீற்றர் தூரத்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவால் அனுப்புவான்.

சென்ற செப்டெம்பரில் ஷ்லீரன் மைதானத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஆள்பிடிக்க ஒரு பயிற்றுநர் வந்தார். கோல்டர் கிறீக் என்ற கல்லூரி. அவர்களுடைய அணியின் பெயர் 'ஆவேச நீர்நாய்கள்'. பயிற்றுநரின் பெயர் வில்மர். கஜீவன் ஒன்பது பந்து உதைத்தான், ஒன்பதும் போனது. வில்மர் அன்று மத்தியானமே மாமா வீட்டுக்கு வந்து, கோசலா மாமி பொரித்த றோல்ஸில் ஏழு சாப்பிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு வதந்தி உண்டு. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

"கோல்டர் கிறீக் ஒரு கல்லூரி அல்ல. அது ஒரு குடும்பம்" என்றார் வில்மர்.

"அபிசன், எத்தினை பேராம் குடும்பத்தில எண்டு கேள்" என்றார் மாமா.

"நூற்றெட்டு."

"நூற்றெட்டோ! நல்ல எண்" என்று மாமா மாமியைப் பார்த்தார். "இஞ்சாரும், ஆளுக்கு இன்னும் ரெண்டு றோல்ஸ் போடும்."

ஒக்டோபரில் கடிதம் வந்தது. தடித்த தாள், மேலே தங்க நிறத்தில் ஒரு நீர்நாய் பல்லைக் காட்டியது. 'எங்கள் கால்பந்துப் புலமைப்பரிசிலை உங்களுக்கு வழங்க முன்வருவதில் பேருவகை அடைகிறோம்.' எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை.

"முழுசெண்டபடியாத்தான் எழுதேல்லை" என்று மாமா விளக்கினார். "குறைவெண்டால் எவ்வளவு குறைவெண்டு போட்டிருப்பினம்தானே."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். மாமா யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் இரண்டு புள்ளி எடுத்துச் சித்தியடைந்தவர். அவரைப் பொறுத்தவரை புலமைப்பரிசில் என்பது ஒரு கோடு. தாண்டினால் தாண்டியதுதான். ஆகவே அன்றே எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தார். "கஜீவன் ஸ்கொலர்ஷிப் பாஸ்!"

கழகத்தின் செயலாளர் பாக்கியராசா கேட்டார்: "எத்தினை மாக்ஸ் அண்ணை?"

"அமெரிக்காவில மாக்ஸ் பாக்கிறேல்லை. உதையைத்தான் பாக்கிறது."

அடுத்த நாள் டீட்டிகோனில் ஒரு மண்டபம் பிடித்தார். பெப்ரவரி முதல் புதன்கிழமை அமெரிக்காவில் மாணவர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்துப் போடும் நாளாம். அதற்கு அடுத்த சனிக்கிழமை விழா. அழைப்பிதழில் இடது பக்கம் பிள்ளையார், வலது பக்கம் இரும்புக்கம்பி போட்ட தலைக்கவசத்துடன் கஜீவன். நடுவில், 'முழுப் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா ஏகும் செல்வன் கஜீவனின் பிரியாவிடை'. இருநூற்றி முப்பது பேருக்கு அனுப்பியாயிற்று.

நவம்பரில் முதலாவது வீடியோ அழைப்பு. வில்மருக்குப் பக்கத்தில் டெப்ரா என்ற அம்மையார் இருந்தார். கல்லூரியின் விதிமுறை அலுவலர். கையில் ஒரு கணிப்பான்.

"முதலில் ஒரு சிறு தெளிவு" என்றார் டெப்ரா. "வழங்க முன்வருவது வேறு, வழங்குவது வேறு. நாங்கள் முன்வந்திருக்கிறோம்."

"எத்தினை பேருக்கு முன்வந்திருக்கினமாம்?"

"நானூற்றிப் பன்னிரண்டு பேருக்கு."

"இடம் எத்தினை?"

"எங்கள் பிரிவுக் கல்லூரிகளில் கால்பந்துக்கு மொத்தம் முப்பத்தாறு முழுப் புலமைப்பரிசில்கள். அதற்கு மேல் கொடுக்க விதி விடாது."

மாமா விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். "நானூற்றிப் பன்னிரண்டு பேருக்குக் கலியாணக் காட் குடுத்திட்டு முப்பத்தாறு பேருக்குச் சமைச்சிருக்கினம். கேளடா, இது என்ன ஞாயமெண்டு."

நான் கேட்டேன். வில்மர் கைகளைக் கோத்துக்கொண்டு, கமெராவைப் பார்க்காமல் அதன் இடது பக்கத்தில் எங்கோ பார்த்தார். "ஒவ்வோர் இளைஞனுக்கும் கனவு காண உரிமை உண்டு. கனவுகளுக்கு வரம்பில்லை. புலமைப்பரிசிலுக்குத்தான் வரம்பு."

"தவிர, முப்பத்தாறு பேருக்கு மட்டும் கொடுப்பதில்லை" என்றார் டெப்ரா. "அது அநியாயம். முப்பத்தாறையும் எல்லோருக்குமாகப் பிரிக்கிறோம். பந்தை எறிபவருக்கு ஒன்று. முன்வரிசையில் நிற்கும் பெரிய உடம்புக்காரருக்கு அரை, முக்கால். உதைப்பவருக்குப் புள்ளி நாலு." கணிப்பானைத் திருப்பிக் காட்டினார். 0.4 என்று இருந்தது.

மாமா எழும்பி நின்றுவிட்டார். "அப்ப, நாப்பது வீதம் பிள்ளையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு மிச்சம் அறுபது வீதத்தை எங்களிட்டை விடுவினமோ?"

"இல்லை, முழுவதும் வரவேண்டும்" என்றார் வில்மர். "எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரும் நூற்றுப்பத்து வீதம் கொடுக்கவேண்டும் என்பது எழுதப்படாத விதி. உண்மையில் சுவரில் எழுதியும் இருக்கிறது."

கஜீவன் அப்போதுதான் வாய் திறந்தான். "அப்பா, கூட ஏலாதோ எண்டு கேப்பம்."

"வாய்ப்பு இருக்கிறது" என்று டெப்ரா முகம் மலர்ந்தார். "ஒரு மாணவர் காயத்தால் இனிமேல் விளையாடவே முடியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அவர் வரம்புக்குள் எண்ணப்படமாட்டார். அவருக்குரிய பங்கு மற்றவர்களுக்கு விடுபடும்."

"இப்போது எங்கள் குடும்பத்தில் இரண்டு முழங்கால்கள் கவலைக்கிடம்" என்றார் வில்மர். "தினமும் காலையில் அவற்றுக்காகப் பிரார்த்திக்கிறோம்."

என்ன வேண்டிப் பிரார்த்திக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை.

அழைப்பு முடிந்ததும் மாமா சமையலறைக்கும் வரவேற்பறைக்குமாக நடந்தார். "ஆரோ பெத்த பிள்ளையின்ரை முழங்கால் எப்ப முறியுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிற கூட்டம்! தூ! எங்கடை கழகத்தில நான் இருபது வருசம் ரீம் எடுத்தனான். ஒருத்தன்ரை முழங்காலைப் பற்றி நான் ஒருநாள் யோசிச்சிருப்பனோ?"

"இல்லை மாமா" என்றேன். அது உண்மை. அவர் அதுவரை யோசித்ததில்லை.

கஜீவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான். நானும் பந்து பொறுக்கப் போனேன். மழைத்தூறல். வேலைத்தலத்தில் பகல் முழுக்கக் குழாய் தூக்கிவிட்டு வந்தவன், கை விறைக்க விறைக்கப் பந்தை நட்டு வைத்து உதைத்தான்.

"மச்சான், எனக்குப் புள்ளி நாலு காணும்" என்றான். "மிச்சத்தை லோன் எடுக்கலாம். ஒருக்கா அங்கை போய் நிண்டு உதைச்சுக் காட்டினனெண்டால் முழுசு தருவினம். போனாத்தான்ரா காட்டலாம்."

"உன்ரை ஷெஃப் என்ன சொல்லுறார்?"

"பெப்ரவரிக்குள்ளை முடிவு சொல்லட்டாம். நிப்பனெண்டால் நிரந்தர வேலை. இல்லையெண்டால் வேற பொடியன் காத்துக்கொண்டிருக்கிறான்."

அந்த ஷெஃப், அதாவது வேலைத்தல முதலாளி, பெரிய பேச்சாளர் அல்ல. வேலை ஒன்று, அதற்கு ஆள் ஒன்று என்ற அளவில்தான் அவருடைய கணிதம்.

டிசம்பரில் இரண்டாவது அழைப்பு. வேறொரு கல்லூரியில் மூன்று வருடம் உதைத்த ஒருவர் அங்கே விட்டுவிட்டுக் கோல்டர் கிறீக்குக்கு மாற விரும்புகிறாராம். அனுபவசாலி. ஆகவே கஜீவனுக்கு 0.15.

"குறைஞ்சிட்டுதே!" என்றார் மாமா.

"குறையவில்லை" என்றார் வில்மர், இடது பக்கம் பார்த்து. "செறிவாகியிருக்கிறது."

"புள்ளி ஒண்டு அஞ்சில என்ன வருமாம்?" என்று மாமி முதன்முறையாகக் கேட்டார்.

டெப்ரா கணிப்பானைத் தட்டினார். "காலைச் சாப்பாடு. செவ்வாய், வியாழனில் மத்தியானச் சாப்பாடும்."

மாமி யோசித்தார். "அப்ப இரவுக்கு நான் ஏதும் கட்டி அனுப்பவேணும்."

ஜனவரிக் கடைசியில் மூன்றாவது அழைப்பு. இந்தமுறை வில்மர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மனிதருடைய உடுப்பு கூடக்கூடப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் குறைந்துகொண்டு போவதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

"நல்ல செய்தி" என்றார். "கஜீவனை இனி எந்தப் பின்னத்துக்குள்ளும் அடைக்கப்போவதில்லை. அவருக்கு நாங்கள் 'முன்னுரிமை பெற்ற சுயவருகையாளர்' என்ற தகுதியைத் தருகிறோம்."

"எவ்வளவாம்?"

"அது எண்களுக்கு அப்பாற்பட்டது" என்றார் டெப்ரா. கணிப்பானைக் கொண்டுவரவில்லை.

நான் தோண்டிக் கேட்டதில் விளங்கியது இதுதான். சுயவருகையாளர் என்பவர் தன் காசில் வந்து, தன் காசில் படித்து, தன் காசில் சாப்பிட்டு, அணியுடன் பயிற்சி செய்பவர். வரம்பில் அவர் எண்ணப்படமாட்டார்.

"அதில முன்னுரிமை எங்கை இருக்கு?" என்று மாமா கேட்டார்.

"ஏனைய சுயவருகையாளர்கள் தாங்களாகவே வருவார்கள்" என்று வில்மர் பொறுமையாக விளக்கினார். "உங்கள் மகனைத் தானாக வரும்படி நாங்கள் அழைக்கிறோம்."

மாமா லப்ரொப்பை மூடினார்.

ஆனால் மண்டபத்தை மூட முடியவில்லை. சனிக்கிழமை இருநூற்றி முப்பது பேரும் வந்தார்கள். கழக உறுப்பினர் இரத்தினம் குடும்பத்தோடு முன்வரிசை. 'முழுப் புலமைப்பரிசில்' என்ற பதாகையில் முதற்சொல்லை மறைக்க மாமி ஒரு பூமாலையைத் தொங்கவிட்டார். மாலை கட்டையாக இருந்ததால் 'மு' மட்டும்தான் மறைந்தது.

அமெரிக்காவில் இந்தச் சடங்குக்கு மேசையில் தொப்பிகள் வைப்பார்களாம். மாணவன் எந்தத் தொப்பியைப் போடுகிறானோ அந்தக் கல்லூரி. வில்மர் பிறகு மின்னஞ்சலில் இதை வற்புறுத்தியிருந்தார். சுயவருகையாளரும் தொப்பி போடலாம், தொப்பிக்கு வரம்பில்லை என்றிருந்தார். ஆகவே மேசையில் மூன்று வைத்திருந்தோம்: நீர்நாய்த் தொப்பி, இளங்கதிர்த் தொப்பி, கஜீவன் வேலைக்குப் போடுகிற மஞ்சள் தலைக்கவசம். திரையில் வில்மர். அவருடைய கணினியில் அந்த நேரத்தில் இன்னும் பதினொரு குடும்பங்கள் திறந்திருந்தன. இடைக்கிடை வேறு யாரையோ பார்த்துக் கை தட்டினார்.

கஜீவன் மேசைக்குப் போனான். நீர்நாய்த் தொப்பியைக் கையில் எடுத்தான். என்னிடம் கேட்காமல் தானே ஆங்கிலத்தில் கேட்டான்.

"கோச், எனக்கு அங்கே இடம் இருக்கிறதா?"

"மகனே" என்றார் வில்மர். "குடும்பத்தில் எப்போதும் இடம் இருக்கிறது. நாற்காலிதான் இல்லை."

கஜீவன் தொப்பியைத் திருப்பி, அந்த நீர்நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கவனமாகக் கீழே வைத்தான். மஞ்சள் தலைக்கவசத்தைப் போட்டான்.

அதுதான் அமெரிக்கக் கால்பந்துக் கவசம் என்று நினைத்த சபை எழுந்து நின்று கைதட்டியது. திரையில் வில்மரும் தட்டினார், எந்தக் குடும்பத்துக்கு என்று தெரியவில்லை.

மாமா ஒலிவாங்கியை வாங்கினார். நடந்த எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. புள்ளி நாலு, புள்ளி ஒன்று ஐந்து, முழங்கால், சுயவருகையாளர். சபை சிரிசிரி என்று சிரித்தது. மாமா உருவேறினார்.

"என்ரை பிள்ளை என்ன சந்தைக் கத்தரிக்காயோ, கூறு போட்டு விக்க? அமெரிக்காவாம், பெரிய வல்லரசாம்! ஒரு பொடியனுக்கு இருக்க ஒரு கதிரை இல்லை! அவையள் எங்கடை இளங்கதிருக்கு வந்து படிக்கட்டும். இஞ்சை இடம் எண்டால் முழு இடம். நான் உயிரோடை இருக்குமட்டும் ஒரு பிள்ளையையும் கூறுபோட விடமாட்டன்!"

அப்படி ஒரு கைதட்டல் டீட்டிகோனில் நான் கேட்டதில்லை. பாக்கியராசா கண்ணைத் துடைத்தார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

கதிரைகளை அடுக்கும்போது கஜீவன் சொன்னான்: "அப்பா, திங்கக்கிழமை ஷெஃபிட்டை ஓமெண்டு சொல்லப்போறன்."

"சொல்லு."

"அப்ப ஜூனில நொஷாட்டல் போட்டிக்கு நானும் வாறன். எங்கடை ரீமில. விளையாடாமல் இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

"உனக்கில்லாத இடமோடா!" என்று மாமா அவனுடைய மஞ்சள் கவசத்தில் தட்டினார்.

நொஷாட்டலில் ஒவ்வொரு கோடையும் சுவிஸ் தமிழ்க் கழகங்களின் உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். ஒரு கழகத்துக்குப் பதினெட்டு வீரர். ஒருவர் கூடினாலும் பதிய மாட்டார்கள். ஜூன் முதல் ஞாயிறு காலை, மாமாவின் சமையலறை மேசையில் தெரிவுக்குழு கூடியது. தெரிவுக்குழு என்றால் மாமா. நான் பட்டியலைக் கொம்பியூட்டரில் அடிக்க வந்திருந்தேன். கஜீவன் மாமியோடு நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பாக்கியராசாவின்ரை மகன், போடு" என்றார் மாமா. "போய்வர வான் அவரின்ரை. இரத்தினத்தின்ரை மூத்தவன் தினேசன், முழு ஆட்டம், முன்னுக்கு. கூடாரம் அவைதான் கொண்டுவருகினம். செல்வராணியக்கா நாப்பது பேருக்குக் கொத்துரொட்டி போடுறா, அவவின்ரை ரெண்டு பொடியளும்."

பதினெட்டு நிறைந்தது. நான் நிமிர்ந்தேன். மாமாவின் கையில் இன்னும் ஒன்பது பெயர்கள் இருந்தன.

"மாமா, இவை?"

"சொல்லிப்போட்டனடா."

"என்ன சொன்னீங்கள்?"

"இடம் இருக்கெண்டு."

"இருபத்தேழு பேருக்கோ?"

மாமா பென்சிலை எடுத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்தார். எழுதத் தொடங்கினார். அருட்செல்வனும் ஜனார்த்தனும் ஒரு பெயரில் பதிந்து ஆளுக்குப் பாதி. ஆள் ஒரே உயரம், நடுவருக்குத் தெரியாது. மனோகரியின் மகனுக்கு முதற்சுற்று. அதற்குப் பிறகு, வென்றால், யோசிக்கலாம். வேறொருவனுக்கு மேற்சட்டை உண்டு, ஆட்டம் இல்லை, அணிப்படத்தில் நிற்பான். அழிறப்பர் தூளை அடிக்கடி ஊதினார்.

கஜீவன் தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தான். தாளைத் தலைகீழாக வாசித்தான்.

"அப்பா, என்ரை இடம்?"

மாமா கைகளைக் கோத்தார். அவனைப் பார்க்காமல் இடது பக்கம், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, கழகம் எண்டால் சும்மா கழகம் இல்லை. அது ஒரு குடும்பம்."

மாமி அடுப்பை நிறுத்தினார்.

"எவ்வளவு?" என்றான் கஜீவன்.

"கடைசிப் பதினைஞ்சு நிமிசம். வெண்டுகொண்டு நிண்டால்."

"தோத்துக்கொண்டு நிண்டால்?"

"தோத்துக்கொண்டு நிண்டால் பாக்கியராசாவின்ரை பொடியனை வெளியில எடுக்கேலாது. வான் திரும்பி வரவும் வேணுமெல்லோ."

கஜீவன் கோபப்படவில்லை. வேலைத்தலத்தில் ஒரு குழாயின் அளவைக் கேட்பதுபோலக் கேட்டான்: "கூட ஏலாதோ?"

மாமா மறுபடி பென்சிலை எடுத்தார். தாளைப் பார்த்தார். பென்சில் முனை பட்டியலில் மேலிருந்து இறங்கி, இரண்டாவது பெயரில் நின்றது. பிறகு எழும்பிக் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்தார். அது முழுதாகச் சாத்தவில்லை.

"இரத்தினம் அண்ணையோ? ஓம் அண்ணை, நித்தி. சும்மாதான் எடுத்தனான். வீட்டில எல்லாரும் சுகம்தானே?" கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "போன கிழமை பிரக்ரிஸில தினேசன் விழுந்தவனெல்லோ. அவன்ரை முழங்கால் இப்ப என்ன மாதிரி?"

அந்தப் பக்கத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள்.

"இன்னும் நோகுதோ?" என்று கேட்டார் மாமா. குரலில் அவ்வளவு அக்கறை.